நாடி நன்றாக அடிக்கும், நினைவு தப்பும்: கடும் மலேரியாவில் இரத்தம் எங்கே தடைபடுகிறது?

மலேரியா என்றதும் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது குளிர்காய்ச்சல்தான். பல் கிட்டும் நடுக்கம், எத்தனை கம்பளி போர்த்தினாலும் அடங்காத குளிர், பிறகு அனலாய்க் கொதிக்கும் உடம்பு, கடைசியில் பாயை நனைக்கும் வியர்வை. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த பழைய தலைமுறைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மலேரியாவில் உயிரைப் பறிப்பது இந்தக் காய்ச்சல் அன்று. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய இரத்தக்குழாய்களுக்குள் ஏற்படும் அடைப்புதான் ஆளைச் சாய்க்கிறது. அதைப் பற்றி நம் மக்களிடம் போதுமான அளவு பேசப்படவில்லை என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மருத்துவர்கள் கடும் மலேரியா என்று குறிப்பிடும் நிலையில் நோயாளி நினைவு தப்பிக் கிடப்பார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நாடி வேகமாகவும் திடமாகவும் அடிக்கும். இரத்த அழுத்தம் பெரும்பாலும் மோசமாக இருக்காது. இதயம் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்துகொண்டிருக்கும். அப்படியிருந்தும் மூளை மங்குகிறது, சிறுநீர் குறைகிறது, மூச்சு வாங்குகிறது. இதயத்திலும் பெரிய குழாய்களிலும் கோளாறு இல்லையென்றால் கேடு எங்கே இருக்கிறது? இதற்கு விடை தெரிந்துகொண்டால், மருத்துவமனையில் என்ன செய்கிறார்கள், எதைச் செய்யாமல் தவிர்க்கிறார்கள் என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

சிவப்பணுவின் வளைவு

முதலில் நலமான உடலைப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். நம் இரத்தச் சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரான். உடலின் மிகச் சிறிய குழாய்களான தந்துகிகளில் பலவற்றின் உள்விட்டமோ 5, 6 மைக்ரான்தான். தன்னைவிடக் குறுகலான வழியில் சிவப்பணு எப்படிப் போகிறது? வளைந்து, மடிந்து, நீண்டு, ஒவ்வொன்றாக நுழைந்து வெளியேறுகிறது. அதற்குள் உட்கரு இல்லை. சவ்வும் தளர்வாக இருக்கிறது. பிராணவாயுவைத் திசுக்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தந்துகியில்தான் நடக்கிறது என்பதால், இந்த வளையும் தன்மைதான் நம் உயிருக்கு ஆதாரம்.

சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். மூப்படைய மூப்படைய விறைக்கும். விறைத்த அணுக்களைப் பிடித்து அழிப்பது இடது விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கும் மண்ணீரலின் வேலை. ஒன்றிரண்டு மைக்ரான் அகலமே உள்ள பிளவுகளின் வழியாக அணுக்கள் நெளிந்து வெளிவர வேண்டும். நெளிய முடியாதது அங்கேயே சிக்கிக்கொள்ளும். இந்த மண்ணீரலை மறந்துவிடாதீர்கள். பின்னால் வரும் அவ்வளவு தொல்லைக்கும் மூலகாரணம், அதனிடமிருந்து தப்ப ஒட்டுண்ணி கண்டுபிடித்த வழிதான்.

ஒட்டிக்கொள்ளும் அணுக்கள்

அனோஃபிலிஸ் பெண் கொசு கடிக்கும்போது உடலுக்குள் புகும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகுகிறது. பிறகு இரத்தத்தில் இறங்கி, சிவப்பணுக்களுக்குள் நுழைகிறது. மனிதரைத் தாக்கும் மலேரியா வகைகளில் உலகெங்கும் மிகுதியான உயிர்களைக் குடிப்பது ஃபால்சிபாரம். 2023ஆம் ஆண்டில் மட்டும் மலேரியாவால் ஏறத்தாழ 5,97,000 பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் ஃபால்சிபாரம்.

இந்த ஒட்டுண்ணி ஒரு சிவப்பணுவுக்குள் வளர்ந்து, பல குஞ்சுகளாகப் பிரிந்து, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வர ஏறக்குறைய 48 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. முதல் பாதியில் அது சிறியது. அணு எப்போதும்போல் உடலைச் சுற்றி வரும். அடுத்த பாதியில் அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைத் தின்று கொழுக்கிறது. எஞ்சிய கழிவு கருப்பு நிறத் துகளாகச் சேர்கிறது. அணு விறைத்துப்போகிறது. அந்த நிலையில் மண்ணீரலுக்குள் போனால் மாட்டிக்கொள்ளும். ஆகவே அங்கே போகாமலிருக்க ஒட்டுண்ணி ஒரு வேலை செய்கிறது: தான் குடியிருக்கும் சிவப்பணுவின் மேற்பரப்பில் சிறுசிறு புடைப்புகளை எழுப்பி, அவற்றின் மேல் ஒட்டும் தன்மையுள்ள புரதம் ஒன்றை நிறுத்துகிறது. பி.எஃப்.இ.எம்.பி-1 என்பது அதன் பெயர். அதைக் கொண்டு அந்த அணு தந்துகிகளின், அவற்றை அடுத்த நுண்சிரைகளின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகிறது. ஒட்டுண்ணி முற்றி வெடிக்கும் வரை அங்கேதான் வாசம்.

இந்தப் புரதத்தை உருவாக்க ஏறக்குறைய 60 மரபணுக்கள் ஒட்டுண்ணியிடம் இருக்கின்றன. நம் நோய் எதிர்ப்பு ஆற்றல் ஒன்றை அடையாளம் கண்டுகொள்வதற்குள் அது இன்னொன்றுக்கு மாறிவிடும். எந்த வகைப் புரதம் மேலே நிற்கிறதோ அதைப் பொறுத்து ஒட்டும் இடமும் மாறும். கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடியில் போய்ச் சேரும் வகை ஒன்று உண்டு. அதனால் கருவிலிருக்கும் குழந்தைக்கு ஊட்டம் குறைந்து, எடை குறைவாகப் பிறக்கிறது. வேறு சில வகைகள், இரத்தம் தேவையின்றி உறைவதைத் தடுக்கவும் குழாய்ச் சுவர் கசியாமல் காக்கவும் உதவும் ஒரு புரதத்தின் மேலேயே போய் ஒட்டிக்கொள்கின்றன. மூளையைத் தாக்கும் கடும் மலேரியாவோடு இந்த வகைகளுக்குத் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காவலிருக்கும் புரதத்தையே மறைத்துவிட்டால் சுவரின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இந்த அடைப்பை விளக்குவது எளிது. விடியற்காலையில் பட்டையில் கோடு இழுத்ததும் பால் வடிகிறது. சில மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. மரத்தில் பால் வற்றிப்போவதில்லை. வெட்டுவாயில் திறந்திருந்த நுண்ணிய பால்குழாய்களின் வாயில் பால் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அடுத்த முறை வெட்ட வருகிறவர் கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்து எடுத்துவிட்டுத்தான் கத்தியை வைப்பார். கடும் மலேரியாவிலும் உள்ளே இரத்தம் இருக்கிறது, தள்ளும் விசையும் இருக்கிறது. கடைசி நுனியில்தான் வழி இல்லை. ஒரு வேறுபாடு உண்டு. இங்கே வழியை அடைப்பது பெரும்பாலும் உறைந்த இரத்தம் அன்று. சுவரைப் பற்றிக்கொண்டு நிற்கும் அணுக்களின் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் நோயில்லாத அணுக்களும் சேர்ந்துவிடுகின்றன. ஒட்டுண்ணி குடியேறிய ஓர் அணுவைச் சுற்றி நலமான சிவப்பணுக்கள் பல ஒட்டிக்கொண்டு திரளாவது உண்டு. ஓ வகை இரத்தம் உள்ளவர்களுக்கு இந்தத் திரள் தளர்வாக இருப்பதால் கடும் மலேரியா வரும் வாய்ப்பு ஓரளவு குறைகிறது. இன்னொன்று எனக்கு முதலில் வியப்பாகவே இருந்தது: ஒட்டுண்ணி நுழையாத சிவப்பணுக்களும்கூட கடும் மலேரியாவில் விறைத்துப்போகின்றன. இரத்தத்தில் நூற்றுக்குச் சில அணுக்களில் மட்டுமே ஒட்டுண்ணி இருந்தாலும் ஓட்டம் முழுவதும் மந்தமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவதாக, குழாய்களின் சுவர். இரத்தக்குழாய் தளர்ந்து விரிய நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு வேண்டும். குழாயின் உட்சுவரே அதைச் சிறிதுசிறிதாகச் சுரந்துகொண்டிருக்கும். ஒட்டுண்ணி வெடித்து வெளியேறும்போதெல்லாம் உடைந்த சிவப்பணுக்களிலிருந்து ஹீமோகுளோபின் இரத்தத்தில் கொட்டுகிறது. அது நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து விழுங்கிவிடுகிறது. வழி அடைபட்டிருக்கும் நேரத்தில் விரிந்து கொடுக்க வேண்டிய குழாய் விரிய முடியாமல் இறுகுகிறது.

உறுப்புகள் படும் பாடு

தந்துகி அடைபட்ட இடத்துக்குப் பிராணவாயு போவதில்லை. ஆனாலும் திசுக்கள் உயிர் பிழைக்க வேண்டும். பிராணவாயு இல்லாமலே சர்க்கரையை எரித்து ஓரளவு ஆற்றலைப் பெறுகின்றன. அதன் விளைவாக லாக்டிக் அமிலம் சேர்கிறது. ஒட்டுண்ணிகளும் சர்க்கரையைப் பெருமளவில் தின்று அதே அமிலத்தை வெளிவிடுகின்றன. இரத்தத்தில் அமிலம் ஏறும்போது அதை ஈடுகட்ட உடல் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சுவிடத் தொடங்கும். நெஞ்சுச் சளியோ இருமலோ இல்லாத காய்ச்சல்காரர் இப்படி இழுத்து இழுத்து மூச்சுவிட்டால் அது மிகவும் கெட்ட அறிகுறி. சர்க்கரை இவ்வாறு செலவாவதால், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடுவதும் உண்டு.

இறந்தவர்களின் மூளைக் குழாய்களில் ஒட்டுண்ணி நிறைந்த அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருப்பதை இத்தாலியில் மார்க்கியாஃபாவா, பிக்னாமி என்ற இரு மருத்துவர்கள் 1890களிலேயே கண்டு எழுதிவிட்டார்கள். உயிரோடு இருப்பவரிடம் இதைப் பார்க்கவும் இன்று வழி இருக்கிறது. கண்ணின் விழித்திரை மூளையோடு ஒரே மூலத்திலிருந்து உருவான திசு. மலாவி நாட்டில் நினைவிழந்த குழந்தைகளின் விழித்திரையைப் பரிசோதித்த மருத்துவர்கள், இரத்தம் போகாத இடங்கள் வெளுத்துத் திட்டுத்திட்டாக இருப்பதையும், நடுவில் வெண்மையுள்ள சிறு இரத்தக் கசிவுகளையும் கண்டார்கள். அங்கேயே எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், இறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது தெரியவந்தது.

பெரியவர்களிடம் செய்த இன்னோர் ஆய்வு வங்காளதேசத்தில் நடந்தது. மலக்குடலின் உட்சவ்வில் மிகச் சிறிய ஒளிக்கருவியை வைத்து, தந்துகிகளில் இரத்தம் ஓடுவதை நேரடியாகப் படம் பிடித்தார்கள். ஒரு தந்துகி முழுதாக நின்றுபோயிருக்கும். அதை ஒட்டியிருக்கும் தந்துகியில் இரத்தம் வழக்கத்தைவிட வேகமாகப் பாய்ந்துகொண்டிருக்கும். அடைபட்ட தந்துகிகள் எத்தனைக்கு எத்தனை மிகுதியோ அத்தனைக்கு அத்தனை இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடுதலாக இருந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

நடைமுறையில் இதனால் விளையும் சிக்கல் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் நன்றாகப் பார்க்கலாம். விரல் நுனியைக் குத்தி எடுத்த இரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வட்டமாகப் பரப்பினால் தடித்த பூச்சு. மற்றொரு சொட்டை இன்னொரு தகட்டின் விளிம்பால் இழுத்துவிட்டால் மெல்லிய பூச்சு. உலர்ந்ததும் ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய்த் துளி விட்டு, நுண்ணோக்கியின் நூறு மடங்கு லென்சின் கீழ் வைக்கிறோம். வெளிறிய சிவப்பணுவுக்குள் மெல்லிய நீல வளையம், அதன் விளிம்பில் சிவப்பாக ஒரு புள்ளி. இதுதான் இளம் ஃபால்சிபாரம். தகட்டை எவ்வளவு நகர்த்தினாலும் பெரும்பாலும் இந்த வளையங்கள்தான் கண்ணில் படும். முற்றியவை எல்லாம் மூளையிலும் குடலிலும் சிறுநீரகத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. விரல் நுனிக்கு வருவதில்லை. ஆகவே தகட்டில் ஒட்டுண்ணி குறைவாக இருக்கிறது என்பதை வைத்து நோய் இலேசானது என்று தீர்மானித்துவிடக் கூடாது. இளம் வளையங்களோடு முற்றிய ஒட்டுண்ணிகளும் தகட்டில் கலந்து தெரிந்தாலோ, வெள்ளணுக்கள் பலவற்றுக்குள் அந்தக் கருப்புத் துகள் தெரிந்தாலோ அனுபவமுள்ளவர்கள் உடனே மருத்துவரைக் கூப்பிடுவார்கள். உள்ளே பெரும் எண்ணிக்கையில் அணுக்கள் வெடித்திருக்கின்றன என்பதற்கு அவை சாட்சி.

சிகிச்சையிலும் இரத்த ஓட்டம்தான் வழிகாட்டுகிறது. நோயாளி துவண்டு கிடப்பதைப் பார்க்கும் உறவினர், நிறைய டிரிப் ஏற்றுங்கள் என்று கெஞ்சுவது இயல்பு. ஆனால் அடைப்பு தந்துகியில் இருக்கும்போது பெரிய குழாய்களில் நீரைக் கொட்டினால் அடைப்பு விலகாது. அந்த நீர் நுரையீரலில் கசிந்து மூச்சைத் திணறடிக்கும். கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் உறுப்புகளுக்கு இரத்தம் போதாத அதிர்ச்சி நிலையில் (ஷாக்) வந்த காய்ச்சல் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு 2011இல் வெளியானது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மலேரியா இருந்தது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளே கூடுதலாக இறந்தார்கள். அதன் பிறகு இதில் எச்சரிக்கை மிகுந்துவிட்டது. மருத்துவர் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றுகிறார் என்றால் அது அலட்சியம் இல்லை.

அடைப்பை நீக்கும் உண்மையான வழி, அது உருவாகும் முன்பே ஒட்டுண்ணியைக் கொல்வது. நம் முன்னோர் தோட்டங்களில் கசந்துகொண்டே விழுங்கிய கொயினா, ஓரளவு வளர்ந்த ஒட்டுண்ணியைத்தான் நன்றாகத் தாக்கும். ஆர்ட்டிசுனேட் ஊசி இளம் வளைய நிலையிலேயே அழித்துவிடுகிறது. அந்த அணு போய் ஒட்டிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை. வங்காளதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியன்மார் நாடுகளில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2005இல் வந்தது. கொயினா பெற்றவர்களில் 100க்கு 22 பேர் இறந்தார்கள். ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 பேர். இன்று கடும் மலேரியாவுக்கு முதல் மருந்து ஆர்ட்டிசுனேட்தான். குறைந்தது 24 மணி நேரம் ஊசியாகக் கொடுத்து, வாயால் சாப்பிட முடிந்த பிறகு மாத்திரைக்கு மாற்றுகிறார்கள்.

நம் தோட்டங்களும் குரங்கு மலேரியாவும்

இந்த நோய் நம் மக்களை வாட்டிய விதம் தனியாக எழுதப்பட வேண்டியது. 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், கரையோரச் சதுப்பில் பெருகும் கொசு வேறு, மலைச்சாரலில் பெருகும் கொசு வேறு என்று பிரித்தறிந்தார். மலையடிவாரக் காட்டை வெட்டி ரப்பர் நட்டபோது நிழல் போய், வெயில் படும் தெளிந்த ஓடைகள் உருவாயின. அனோஃபிலிஸ் மகுலாட்டஸ் கொசு அங்கே பெருகியது. கூலிக்கு வந்த தமிழர்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் அன்று ஓர் இடத்தில் மலேரியா எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். அந்த வீக்கம், விறைத்த அணுக்களைப் பிடித்துப் பிடித்து ஓய்ந்த உறுப்பின் வீக்கம்.

2018 முதல் மலேசியாவுக்குள் மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியாகப் பரவும் மலேரியா பதிவாகவில்லை. பெரிய சாதனை. ஆனால் காட்டில் வாழும் நீண்டவால் குரங்கு, பன்றிவால் குரங்கு ஆகியவற்றின் ஒட்டுண்ணியான நோலசி, கொசு வழியாக மனிதருக்கு வந்துகொண்டிருக்கிறது. சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் இது பலருக்கு இருப்பதை பால்பிர் சிங் தலைமையிலான குழு 2004இல் உலகுக்கு அறிவித்தது. நுண்ணோக்கியில் இதைச் சாதுவான வேறொரு வகை என்று எண்ணிவிட எளிதாக இடமிருந்தது. சபா, சரவாக்கில் மிகுதி என்றாலும் தீபகற்பத்திலும் இருக்கிறது. காட்டோரச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், டுரியான் பருவத்தில் இரவில் தோப்பில் தங்குகிறவர்கள், மலையேறப் போகும் இளைஞர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

நோலசி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும். நேற்று இலேசாக இருந்த நோய் இரண்டு மூன்று நாளில் கடுமையாகிவிட அது போதும். ஃபால்சிபாரத்தைப்போல் நினைவை இழக்கச் செய்வது இதில் மிக அரிது. சிறுநீரகம் பழுதாவது, மஞ்சள் காமாலை, மூச்சுத்திணறல், இரத்த அழுத்தம் இறங்குவது ஆகியவையே இதன் கொடுமைகள். நோய் முற்ற முற்றச் சிவப்பணுக்கள் விறைத்துக்கொண்டே போவது இதிலும் காணப்படுகிறது. உடைந்த அணுக்களிலிருந்து கொட்டும் ஹீமோகுளோபின் சிறுநீரகத்தைத் தாக்குகிறது.

நம் ஊரில் காய்ச்சலும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) குறைவும் சேர்ந்து வந்தால் எல்லோரும் முதலில் சொல்வது டிங்கி. நோலசியிலும் தட்டணுக்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் குறைகின்றன. டிங்கியில் குழாய்ச் சுவர் கசிந்து நீர் வெளியேறுவதால் அளவறிந்து திரவம் ஏற்றுவதே சிகிச்சையின் மையம். மலேரியாவில் மருந்துதான் மையம், திரவம் இரண்டாம்பட்சம். இரண்டையும் மாற்றி எண்ணிவிட்டால் விலைமதிப்பற்ற நாட்கள் வீணாகும். ஆகவே கிளினிக்கில், "டாக்டர், போன வாரம் காட்டுப் பக்கம் போயிருந்தேன், மலேரியாவுக்கும் இரத்தம் பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு தகட்டில் எதுவும் தெரியாவிட்டாலும் காய்ச்சல் நீடித்தால் மறுநாளும் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் முடிவு காட்டும் பட்டை சோதனை நோலசியைத் தவறவிடக்கூடும். நுண்ணோக்கிப் பரிசோதனை வேண்டும்.

ஆர்ட்டிசுனேட் ஊசியால் குணமானவர்களின் குடும்பத்தார் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மண்ணீரல், செத்த ஒட்டுண்ணியை மட்டும் சிவப்பணுவிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த அணுவை மீண்டும் ஓட்டத்தில் அனுப்பி வைக்கிறது. அப்படிப் பிழைத்த அணுக்களுக்கு ஆயுள் குறைவு. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து அவை ஒரே காலத்தில் உடையும்போது சிலருக்குத் திடீரென்று இரத்தசோகை வரும். வீடு திரும்பிய பிறகும் நான்கு வாரம்வரை வாரம் ஒரு முறை ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் சிறுநீர் கருத்தாலோ, முகம் வெளிறினாலோ, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கினாலோ அடுத்த தேதிக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.